பூசைப் படத்தில் எனக்கு உடுத்திய சிவப்புச் சேலை

நங்கை அந்தப் படத்தை முதலில் பார்க்கவில்லை, தொட்டார்.

அண்ணனின் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஒரு மத்தியான நேரம். அண்ணனுடைய பனியன் கம்பெனியின் புது ஆபீஸ் அறை. சுவரில் வெள்ளை அடித்த வாசம் இன்னும் போகவில்லை. கதவைப் படுக்கவைத்த அளவுக்குத் துணியில் வரைந்த ஒரு படம் அன்று காலையில்தான் மாட்டப்பட்டிருந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தார். நான் காப்பி பிளாஸ்க்கோடு வாசற்படியில் நின்றேன்.

நங்கை படத்தின் இடது ஓரத்தில் கையை வைத்து, ஓட்டை இருக்கிறதா என்று துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் வலது பக்கம்வரை இழுத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கை நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

"இதென்ன அம்மிணி, உன்ற சீலை மட்டும் வழுவழுன்னு இருக்குது?"

நான் கிட்டே போனேன். காலையிலிருந்து அந்தப் படத்தை எத்தனையோ தடவை கடந்துபோயிருந்தேன். அதில் நான் இருப்பேன் என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

நங்கை அண்ணனிடம் திரும்பினார். "இது நம்ம பிரிண்டிங் டேபிள் பெயிண்டு இல்லீங்க. கடையில டப்பாவா விக்கறது. இவளுக்குன்னு தனியா வாங்கியாந்து அடிச்சிருக்கறான் வரைஞ்சவன்."

அண்ணன் பேனாவை மூடி வைத்தார்.

படம் வந்த கதை

போன வாரங்களில் முதலிபாளையத்து வாழ்க்கையைப் பற்றி எழுதினேன். சொந்த அண்ணனுக்குக் கம்பெனி இருக்கும்போது அங்கே போய் ஏன் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்தப் படத்தைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பலமுறை சொல்லி அலுத்த கதைதான். இருந்தாலும் முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் பாதியைத் தாண்டிய ஒரு வருஷம். நான் அப்போது அண்ணன் வீட்டில் இருந்தேன். கல்யாணமாகி மூன்றாவது வருஷமே மஞ்சக்காமாலையில் கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. அண்ணன் ஒரு வேனைக் கொண்டுவந்து, என்னையும் என் இரும்புப் பெட்டியையும் ஏற்றிக் கூட்டிவந்தார். "நம்ம ஊட்டுல உனக்கென்ன கொறை அம்மிணி" என்றார். குறை ஒன்றும் இல்லைதான். வீட்டு வேலை முடிந்ததும் கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்து பனியன்களைப் புரட்டிப் பார்ப்பேன். சம்பளப் பட்டியலிலும் நான் இல்லை, முதலாளி வரிசையிலும் இல்லை. வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி எங்கும் இருக்கலாம், எங்கும் இல்லாமலும் இருக்கலாம்.

சூசை அங்கே பிரிண்டிங் மேசையில் இருந்தார். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். ஸ்கிரீனில் படம் இறக்குவதற்கு முன்னால் தாளில் வரைய வேண்டியதையெல்லாம் அவர்தான் வரைவார். கம்பெனியில் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேசியதே இரண்டு மூன்று தடவைதான், அதுவும் கறை விழுந்த பீஸைப் பற்றி.

அந்த ஆயுத பூசை முடிந்ததும் அண்ணன் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்கற பையர் வரப்போறான் சூசை. ஆபீஸ்ல மாட்டறதுக்கு நம்ம பூசைய அப்படியே வரைஞ்சு குடு. எல்லாரும் இருக்கோணும்."

எல்லாரும் என்ற சொல்லை அண்ணன் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ. சூசை அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

வெறுந்துணியில் நின்றவர்கள்

அந்தப் படம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். படம் பார்க்கத் தெரிந்தவள் இல்லை நான். ஆனால் துணி பார்க்கத் தெரியும்.

வெளுத்த பனியன் துணியைப் பிரித்து, மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்திருந்தார். பனியன் துணி இழுத்தால் இழுபடும். அதனால் நடுவில் இருந்தவர்களின் முகம் கொஞ்சம் அகலமாகவும், கீழே உட்கார்ந்திருந்தவர்களின் கால் கொஞ்சம் நீளமாகவும் இருந்தன. எல்லாம் டேபிளில் மிஞ்சிய சாயம். சாயம் துணியில் ஒட்டுவதற்குப் பைண்டரும் மண்ணெண்ணெயும் சேர்த்துக் கடைந்த பசை. ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாலே லேசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும்.

அந்த சீசனில் ஓடிய ஆர்டர் மூன்றே கலர்: கருநீலம், கரும்பச்சை, கடுகு மஞ்சள். படத்தில் வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் அந்த மூன்று கலரில்தான் உடுத்தியிருந்தார்கள். வாழைமரமும் கரும்பச்சை. மிஷினில் தொங்கிய சாமந்தி மாலையும், சந்தனமும், கற்பூரச் சுடரும் ஒரே கடுகு மஞ்சள். யாரோ அயல்நாட்டில் யாருக்கோ தேர்ந்தெடுத்த கலரில் எங்கள் பூசை நோம்பி நடந்தது. அப்போது அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம்கூட அப்படித்தான் இருந்தது.

அண்ணன் நடுவில் நின்று ஆரத்தி காட்டினார். அவருடைய வேட்டி சட்டைக்குச் சாயமே இல்லை. துணியின் வெள்ளையை அப்படியே விட்டு, மடிப்புக்கு மட்டும் நீலக்கோடு இழுத்திருந்தார் சூசை. பின்னாலிருந்த சுவரும் அதே வெறுந்துணிதான். அதனால் அண்ணன் சுவரிலிருந்தே முளைத்தவர்போல் இருந்தார். தையல்காரர்களுக்கு முகம் இருந்தது. தைப்பதற்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கிற பெண்களுக்குப் பாதி முகம். சாயப் பட்டறையிலிருந்து துணி சுமந்து வருபவர்கள் வாசலுக்கு வெளியே தலைகளாக மட்டும் இருந்தார்கள். பூசையன்று அவர்கள் நின்றதும் அங்கேதான். பொய் ஒன்றும் இல்லை.

வலது ஓரத்தில் ஸ்டோர் ரூம் வாசலில் நான். கையில் பொரித் தட்டு.

பூசையன்று நான் விளக்கின் முன்னால் வரமாட்டேன். வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. உள்ளே உட்கார்ந்து பொரியும் கடலையும் பொட்டலம் கட்டுவேன். ஆரத்தி முடிந்து கூட்டம் கலைகிறபோதுதான் வாசலுக்கு வந்து கொடுப்பேன். ஆரத்தியும் பொரியும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. படத்தில் நடந்தது. அத்தனை பேர் நிற்கிற அந்த நேரத்தில் நானும் நின்றேன், அரக்குச் சிவப்புச் சேலையில். டியூப்லைட் வெளிச்சத்தில் மற்ற எல்லாமே மங்கல். என் சேலை மட்டும் மின்னியது.

தாலியறுத்தவளுக்குச் சிவப்புச் சேலை. அதுவும் தனியாக வாங்கிய பெயிண்டில்.

நங்கையை நான் குறை சொல்லமாட்டேன். கம்பெனி இரண்டு மிஷினோடு தொடங்கிய காலத்தில் அவரும் செக்கிங் மேசையில் உட்கார்ந்தவர்தான். துணி விஷயத்தில் அவர் விரலை ஏமாற்ற முடியாது. சொந்தபந்தம் என்ன பேசும் என்பதிலும் அப்படியே.

"நாளைக்கு நம்ம கௌரிக்கு மாப்ள பாக்கோணும்" என்று அண்ணனிடம் சொன்னார். கௌரி அவர்களுடைய மகள், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "வர்றவிய இந்த ஆபீஸ்லதான் வந்து உக்காருவாங்க. இந்தப் படத்தைப் பாத்தா என்ன நெனைப்பாங்க, சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மிணி, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"இல்லீங்கண்ணா" என்றேன். உண்மை அதுதான். ஆனால் எனக்கே என் குரல் நம்புகிறமாதிரி இல்லை. ஒருவன் கடைக்குப் போய், எனக்கென்று ஒரு நிறத்தைக் கேட்டு வாங்கி வந்தான் என்பதை அந்த நிமிஷம்தான் கேள்விப்படுகிறேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சூசையைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். காரணம் சொன்னார்களா என்று தெரியாது. படத்தை எரிக்க முடியவில்லை, உள்ளே சரஸ்வதி படம் வரைந்திருந்தது. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, குடோனில் நூல் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டார்கள். நாளையிலிருந்து நீ கம்பெனிக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இரு என்றார் நங்கை. கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம், வெளியே போகாதே என்பதுபோல் சொன்னார்.

வேலம்பாளையம்

தீபாவளி போயிற்று. பலகாரம் சுட்டேன், பாத்திரம் விளக்கினேன். மனதுக்குள் ஒரே கேள்வி அரைத்துக்கொண்டிருந்தது. ஏன்? எதற்காக எனக்கு மட்டும்?

இரவெல்லாம் அழுதேன் என்றெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. அப்படி நடக்கவும் இல்லை. ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் பல் வலி, டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலம்பாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

லைன் வீட்டு வாசலில் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பிரிண்டிங்காரர் சூசை வீடு எது என்றதும் ஒருத்தி என் வெள்ளைச் சேலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைசி வீட்டைக் காட்டினாள். அவர் வாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"நீங்க ஏன் வந்தீய? யாராச்சும் பாத்தா உங்களுக்குல்லா பேரு கெடும்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றனுங்க."

"கேளுங்க."

"என்ற சீலைக்கு ஏனுங்க அந்தக் கலரு?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே அவருடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. அதே அரக்குச் சிவப்பு. மட்கார்டில் பிரஷ் போன தடம்கூடத் தெரிந்தது.

"சைக்கிளுக்கு அடிச்சேன். டப்பாவுல கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு."

நான் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் மனதில் பொங்கியதெல்லாம் அடங்கி, பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டது.

"வேற ஒண்ணும் இல்லீங்களா?"

"வேற என்ன?" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலை விளக்குகிற குரலில் சொன்னார். "டேபிள்ல வெள்ளைச் சாயம் தீந்துபோச்சு. வெள்ளைச் சீலைன்னா துணிய அப்படியேதான் விடணும். உங்களுக்குப் பின்னால சுவரும் வெறுந்துணி. உங்க அண்ணாச்சிக்காவது சுத்தி ஆளுக நிக்காவ, கைல வெளக்கு இருக்கு, தெரிஞ்சுக்கிடலாம். நீங்க தனியால்லா நிக்கிய. வெள்ளையா விட்டா ஆள் நிக்கதே தெரியாது. பொரித்தட்டு மட்டும் அந்தரத்துல நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். குழாயடியில் குடங்கள் நின்றுவிட்டன. அவரும் சிரிக்கலாமா என்று தெரியாமல் கையில் சட்டையோடு நின்றார்.

"கட்டுனவன் செத்தவளுக்குச் சிவப்பு ஆகாதுன்னு தெரியாதுங்களா?"

"தெரியும். எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா ஆள் தெரியணும்லா?"

ஆள் தெரிய வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை.

"எங்கயாச்சும் வேலை கெடைச்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"முதலிபாளையம் தொழில்பேட்டையில ஒரு கம்பெனி. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காவ."

"அங்க செக்கிங்குக்கு ஆள் வேணுமுங்களா?"

வெள்ளைச் சேலைகள்

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ற தங்கச்சி இன்னொருத்தன் கம்பெனியில போய் மேசையில உக்காரறதா?" என்று கேட்டார். உங்கள் கம்பெனியிலும் மேசையில்தானே உட்கார்ந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பெண்கள் தங்கும் அறை ஒன்றில் இடம் பிடித்துப் போய்விட்டேன்.

உடனே கல்யாணம் செய்துகொண்டோம் என்று நினைக்காதீர்கள். அவர் பிரிண்டிங்கில், நான் செக்கிங்கில். ஒரே டவுன் பஸ். கறை விழுந்த பீஸைப் பற்றிப் பேசினோம், பிறகு அரிசி விலையைப் பற்றி, பிறகு அவருடைய ஊரைப் பற்றி. அவருடைய முதல் இருமல் எனக்கு நினைவிருக்கிறது. மண்ணெண்ணெய்ப் பசை நெஞ்சில் இறங்கும் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு மறுபடி அதையே கடைவார். மழை இல்லாத ஒரு வருஷக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு வந்தவர்கள் கூட வேலை பார்த்தவர்கள்.

அண்ணன் வரவில்லை. மறு வாரம் கம்பெனி வேன் வந்து என் இரும்புப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. திறந்தேன். என் வெள்ளைச் சேலைகள் எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடித்திருந்தன. நங்கை மடிப்பு. திட்டி அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அந்தச் சேலைகளைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டேன்.

நான் மதம் மாறவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயிலுக்குப் போவார், நான் துணி துவைப்பேன். ஒரு மகள் பிறந்தாள். ஆர்டர் இருந்தால் தூக்கம் இருக்காது, தூக்கம் இருந்தால் ஆர்டர் இருக்காது. சந்தோஷமாக இருந்தீர்களா என்று யாராவது கேட்டால், சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிட்டோமா என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நிறைய நாள் களைத்திருந்தோம். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் களைத்திருந்தோம்.

நங்கை வந்தது

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் காலமானார். போனோம். ஓரமாக நின்றோம். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. மாலையை வைத்துவிட்டுத் திரும்பினோம்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் நங்கை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தனியாக, டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளைச் சேலை. அந்தச் சேலையில் அவரை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"சித்த தண்ணி குடு அம்மிணி" என்று சொல்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். உள் அறைக் கட்டிலில் சூசை படுத்திருந்தார். இருமல் அதிகமாகி வேலைக்குப் போகாத நாள். நங்கை கௌரியின் குழந்தையைப் பற்றிச் சொன்னார். கம்பெனியை வாடகைக்கு விட்டாயிற்று என்றார். கௌரி கல்யாணத்தில் அவரும் அண்ணனும் எடுத்த போட்டோவை மாட்டியிருந்த ஆபீஸ் அறையில் இப்போது யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம்.

பிறகு, "அந்தப் படம் குடோன்ல மழையில நனைஞ்சு போச்சு. பிரிச்சா பூஞ்சை" என்றார்.

"போனாப் போகுதுங்க நங்கை."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அன்னிக்குச் சொன்னது நெசந்தானே அம்மிணி? அவரு உனக்குன்னுதானே அந்தப் பெயிண்ட வாங்குனாரு?"

அன்று அவன். இன்று அவர். அது என் காதில் விழுந்தது.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த பதில் அது. சைக்கிளுக்கு அடித்த மிச்சம் நங்கை, நீங்கள் ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதனை வேலையைவிட்டு அனுப்பினீர்கள், அண்ணன் சாகிறவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனையும் வரிசையாக நாக்கில் நின்றது. நங்கையின் விரல்கள் டம்ளர் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. அவர் நான் என்ன சொல்வேனோ என்று பயந்துகொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறார் என்று தெரிந்தது.

உள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமாக்கா. அவளுக்குன்னுதான் வாங்குனேன். கடை கடையாத் தேடி வாங்குனேன்."

நங்கை நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் சாய்ந்தது. "எனக்குத் தெரியும்" என்றார். "தொட்டா எனக்குத் தெரியாதா." மிச்சக் காப்பியைக் குடித்தார். போகும்போது என் மகளின் தலையைத் தொட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு நம்ம ஊட்டுக்கு வா கண்ணு" என்றார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து கட்டிலருகே நின்றேன்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"வயசான பொம்பள. அவ்வளவு தூரம் பஸ்ல நின்னுகிட்டே வந்திருக்காவ" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கென்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். இருமல்தான் வந்தது. கஞ்சி வைக்கப் போனேன்.